பிரிக்காத பெட்டி

அடிலெய்டின் வடக்குப் புறநகரில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் லாய்ட் டிரெகார்த்தனைத் தெரியும். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமைகளில் சாரணர் கூடத்தில் எங்கள் மன்றம் கூடும்போது ஜன்னலோர மேசை அவருடையது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் சும்மா கிடக்காது, கசியும். கசிவு, மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளைத் தின்னும். லாய்ட் அதை வெட்டியெடுத்து, வினிகரால் துடைத்து, புதியதைப் பற்றவைப்பார். தாமதமாகக் கொண்டுவருபவருக்குத் திட்டு நிச்சயம்.

"பொணத்த வீட்ல வச்சுக்கிட்டு எப்படிய்யா தூங்குன?"

அவர் வீட்டு அலமாரியிலேயே ஒரு பெட்டி இருந்தது. இதே ஊரில் கொஞ்ச காலம் தயாரான 'கொரெல்லா' கம்ப்யூட்டர். தொழிற்சாலை ஒட்டிய டேப்கூடக் கிழியாதது. எங்கள் கூட்டத்தில் அந்த டேப்பை அறுப்பது கொலைக்குச் சமம். உள்ளே பேட்டரி இருக்குமே என்று யாராவது கேட்டால், ஓடாத பேட்டரி கசியாது என்று பேச்சை முடித்துவிடுவார். மற்றவர்களிடம் இந்தச் சமாதானத்தை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.

கொரெல்லாவின் மதர்போர்டை வடிவமைத்தவர் கால் ஹேடோ. நுரையீரல் கெட்டு முதியோர் இல்லத்தில் படுத்திருந்தார். கொரெல்லா ஓடுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டார். தெரிந்த மற்ற கொரெல்லாக்கள் எல்லாம் அரித்துப் போய்விட்டன. பல நாள் கழித்து ஒரு காலையில் லாய்ட் அந்தப் பெட்டியோடு வந்து என்னிடம், காரை எடு என்றார்.

ஹேடோவின் கட்டிலருகே வைத்து டேப்பை அறுத்தார். முதலில் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. மூடியைக் கழற்றியதும் வேறொரு நெடி. பெட்டியை அத்தனை வருடமும் நிமிர்த்தி வைத்திருந்ததால், மேல் மூலையிலிருந்து கசிவு போர்டு முழுக்க வழிந்து, பச்சையாகப் பூத்திருந்தது.

லாய்ட் பழைய பேட்டரியை வெட்டினார், வினிகர் தொட்டுத் துடைத்தார். பஞ்சோடு செம்புக் கோடுகளும் உரிந்து வந்தன. இருந்தும் புது பேட்டரியைக் கம்பியில் மாட்டி, சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது.

"பேட்டரிய அந்த மூலைல வச்சது நாந்தான்," என்றார் ஹேடோ, மூச்சை இழுத்து. "அஞ்சாறு வருஷத்துல தூக்கிப் போட்டுருவாங்கன்னு நெனச்சோம். நீ இப்படிப் பொத்தி வப்பேன்னு எவன்டா கண்டான்?"

லாய்ட் சிரிக்க முயன்றார், முடியவில்லை. சுவிட்சை நோக்கிக் கை போனது.

"உள்ள ஃபேன் சுத்துதா?" என்றார் ஹேடோ.

"சுத்துது."

"அப்ப அணைக்காத. சத்தமாவது கேக்கட்டும்."

கறுப்புத் திரைக்கு முன்னால், தேநீர் வண்டி வரும்வரை, மூன்று பேரும் அந்த ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.