பதினொரு தவளைகளின் எடை

தெருவில் அவளுக்குத் தவளைக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், அவளோ அதைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தாள். அந்தப் பச்சை மரத்தவளையை மழைக்காட்டில் யாரும் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. உலகத்தில் மிச்சம் பதினொன்று. அத்தனையும் வனத்துறையின் ஒரே அறையில், கண்ணாடிப் பெட்டிகளில், இவள் பொறுப்பில் இருந்தன.

தவளையின் மேல் பட்டதெல்லாம் தோல் வழியே உள்ளே போய்விடும். அதனால் அவள் பத்து வருடமாகக் கையில் எண்ணெய், பவுடர், தைலம் எதையும் தொட்டதில்லை. பெட்டிகளைப் ப்ளீச்சிங் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையுறை தீர்ந்து இரண்டு மாதம். கேட்டதற்கு, “கைய நல்லா அலசிக்கோம்மா, போதும்” என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறிப் போனார். அந்த மகராசனுக்கு ஆயிரம் வேலை.

ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். “எனக்கு ஜுரம் வந்தப்போகூட நீ நெத்தியில தைலம் தேய்ச்சதில்லம்மா” என்று ஒருநாள் சொல்லிக் காட்டினாள்.

“உனக்கு அப்பா இருந்தாரு. அதுங்களுக்கு யாரு இருக்கா?” என்றாள் இவள்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். மகள் இருப்பதிலேயே நல்ல களிம்பாகக் கொண்டுவந்து, வெடிப்பு வெடிப்பாகத் தடவினாள். அம்மா எழுந்தால் கத்துவாள் என்று பயந்து, மேலே நின்ற பிசுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அன்று சமையல், பாத்திரம் எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எடை பார்க்கும் நாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். கை எரியவில்லை. ஒருநாள் ஓய்வுக்கே இப்படியா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். வழக்கம்போல வெறும் தண்ணீரில் மூன்று தரம் அலசிக்கொண்டாள். முட்டை கனத்த பெட்டையை மட்டும் கூடக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். அதன்மேல் அவளுக்குத் தனிச் செல்லம்.

செவ்வாய்க்கிழமை ஏழு செத்தன. புதன்கிழமை மற்ற நான்கும். பெட்டைதான் கடைசியாக, கால் விறைத்துப் போய்ச் செத்தது.

“கையில என்ன பூசின?” என்றார் அதிகாரி.

“ஒண்ணும் பூசலைய்யா. என் பொண்ணு மேல சத்தியம்.”

அவர் நம்பவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கையுறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தவளின் கையை மகள் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “வெடிப்பு மூடிடுச்சும்மா! ஞாயித்துக்கெழமை நீ தூங்கும்போது நான்தான் மருந்து போட்டேன். கோவமா?”

ஒரே ஒரு பொய் போதும். எந்த அம்மாவுக்கும் அது நாக்கு நுனியில் வந்திருக்கும். இவளுக்கு வரவில்லை.

“பதினொண்ணும் செத்துப்போச்சு. கொன்னது நீதான்” என்றாள்.

மகள் கையை விட்டாள்.