அத்தை சொல்லாத ஆமென்

என் மாமியார் ஜெபத்தை மதிக்காதவள் என்று சபையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போதகரைப் பட்டினியாக அனுப்பியவள் என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது உண்மை. முதலாவது பச்சைப் பொய். அன்று அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒன்றுக்குப் பத்தாக அளந்துவிடுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. மாமியாருக்காக மருமகள் வக்காலத்து வாங்குவது அபூர்வம்தான். எனக்கும் அத்தைக்கும் குழம்பில் போடும் உப்பிலிருந்து கொடியில் போடும் துணிவரை ஆயிரம் சண்டை உண்டு. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஊருக்கு அதில் வேலை இல்லை.

அத்தை ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். நான்கு பேர் சேர்ந்து தூக்குகிற அண்டாவில் சோறு வடிப்பார். மதியச் சங்கு ஊதினால் எண்ணெய்க் கையோடு ஆட்கள் திமுதிமுவென்று வந்து வரிசையில் நிற்பார்கள். தட்டில் விழுகிற சோற்றில் ஆவி பறக்க வேண்டும். பறக்கவில்லை என்றால் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மேற்பார்வையாளரோடு சண்டைக்குப் போவார். "ஆறின சோத்தைப் போட்டா, வந்தவனை மதிக்கலைன்னு அர்த்தம்" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். குளித்துவிட்டு வருகிறேன், தலை துவட்டிவிட்டு வருகிறேன் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மாமா பேருந்து ஓட்டுகிறவர், சபையில் மூப்பர். வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக நிற்கிற மனிதர், சாப்பாட்டு ஜெபத்தில் மட்டும் எந்த நிறுத்தத்திலும் நிற்க மாட்டார். சோற்றுக்கு நன்றி சொல்லிக் கிளம்புவார். உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டு மூட்டுவலி, நாட்டை ஆளுகிறவர்கள், மழை, பெட்ரோல் விலை என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாரும் ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடிந்ததாகக் கணக்கு, அதுவரை தட்டில் ஒரு விரல்கூடப் படக் கூடாது. இது மாமா போட்ட சட்டம். என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது ஜெபத்தின் நடுவில் குழம்பைத் தொட்டு நக்கி, அதற்கு வாங்கிய அடியை இன்னும் கதையாகச் சொல்வார்.

நான் கல்யாணமாகி வந்து அந்த வீட்டில் முதல் வேளைச் சாப்பாடு. மாமா ஜெபத்தில் எங்கோ மலைப்பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியதும், "ஆமென்!" என்று ஒரு சத்தம். பக்கென்று கண்ணைத் திறந்தேன். அத்தை ஏற்கெனவே கரண்டியைச் சோற்றில் விட்டாயிற்று. பிரேக் போட்டதுபோல மாமா நின்றார், ஒரு பெருமூச்சு விட்டார், தானும் ஆமென் சொல்லித் தட்டை இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் மேஜைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். பிறகுதான் தெரிந்தது, சபையிலேயே அத்தைக்கு 'ஆமென் அக்கா' என்றுதான் பேர். முப்பது வருஷமாக அந்த மேஜையில் அவர் சொன்ன ஒரே ஜெபம் அந்த ஒரு வார்த்தைதான். ஜெபம் பண்ணுவது மாமாவின் வேலை, முடித்து வைப்பது அத்தையின் வேலை.

அவர்களுக்கு ஒரே மகள், என் நாத்தனார். அவளைக் கட்டியவர் சபையில் பாட்டு நடத்துகிறவர். அவர் குரலைக் கேட்டால் கல்லும் கரையும் என்பார்கள். கரைந்திருக்கலாம், நான் கல்லாக இருந்து பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு வீட்டில் வேறு குரல், வேறு கை. இதற்கு முன்னும் நாத்தனார் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் போதகர் வந்து ஜெபம் பண்ணினார், மாப்பிள்ளை கண்ணீர் விட்டார், எல்லாரும் ஆமென் சொன்னோம், அவளும் திரும்பிப் போனாள்.

இந்த முறை ஒரு மத்தியானம் கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். தாடை வீங்கியிருந்தது. அத்தை அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. சோற்றை இன்னும் கொஞ்ச நேரம் வேகவிட்டு, பருப்பு ஊற்றி, மிளகாய் இல்லாமல் மசித்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் தனியாக அடுப்பில் ஏறியது.

மாமா மகளைப் பார்க்கவே மாட்டேன் என்றார். அவருக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே அழுதார், எனக்குத் தெரியும். ஆனால் வெளியே வந்தால் அவர் மூப்பர். மூப்பர் வீட்டிலேயே மகள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால் மற்ற குடும்பங்களுக்கு என்ன புத்தி சொல்வது என்று சபையில் யாரோ கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்வி அவரை அரித்துவிட்டது. போதகரோடு பேசி ஏற்பாடு பண்ணிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். போதகர் ஜெபம் பண்ணுவார். சாப்பிட்ட கையோடு அவள் புருஷனோடு கிளம்ப வேண்டும்.

"அண்ணி, அப்பா சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? போயிடுவேன் போல இருக்கு" என்றாள் நாத்தனார், அழுகைகூட வராமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன். "அத்தை, உங்க பொண்ணு. நீங்க வாயே திறக்க மாட்டேங்கிறீங்க. அடுத்த தடவை பல்லோட நிக்குமா?" என்று கத்தினேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோழியைக் கழுவு" என்றார்.

கல்லுளிமங்கி என்று மனதுக்குள் வைதுகொண்டே கழுவினேன்.

ஞாயிறு மதியம். சோறு, கோழிக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். மேஜையின் தலைப்பக்கம் போதகர், ஒரு பக்கம் மாமாவும் மாப்பிள்ளையும், எதிரே நானும் என் வீட்டுக்காரரும். நாத்தனார் கடைசி நாற்காலியில். அவள் பை வாசல் கதவோரம் இருந்தது, மாமாவே கொண்டுபோய் வைத்திருந்தார். அத்தை எப்போதும்போல நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு. குழம்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை, சண்டை என்றாலே கைகால் உதறுகிற மனிதர். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், சமைத்த கைகளை ஆசீர்வதித்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் வயிறாரச் சாப்பிட்டிருப்பார். "ஆண்டவரே, இந்த மகளுக்குப் பொறுமையைத் தாரும். கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும். இன்றைக்கே தன் புருஷனோடு தன் வீட்டுக்குச் சமாதானமாய்த் திரும்பிப் போகக் கிருபை செய்யும்" என்று முடித்தார்.

முதல் ஆமென் மாப்பிள்ளையுடையது, ராகத்தோடு. அடுத்தது மாமா. என் வீட்டுக்காரர் மென்று விழுங்கினார். நான் பழக்கதோஷத்தில் 'ஆ' வரைக்கும் போய்விட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாரும் அத்தையைப் பார்க்கிறார்கள். அத்தை குழம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரண்டி அசையவில்லை.

"ஆமென் சொல்லு" என்றார் மாமா மெதுவாக.

"மாட்டேன்."

அந்த வார்த்தையை அத்தை மாமாவிடம் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

போதகர் தொண்டையைச் செருமினார். "அம்மா, ஜெபத்துக்கு ஆமென் சொல்ல என்ன தயக்கம்?"

"தயக்கம் எல்லாம் இல்லைங்கய்யா. சோத்துக்கு நன்றி சொன்னீங்க, அதுக்கு ஆமென். என் பொண்ணை அனுப்பணும்னு கேட்டீங்க, அதுக்கு மாட்டேன். ரெண்டையும் ஒரே ஜெபத்துல பிசைஞ்சு வச்சா நான் எதை எடுக்கிறது, எதை விடுறது?"

"கோபத்துல எந்த முடிவும் எடுக்க வேண்டாம்மா."

"கோபம் இருந்திருந்தா கோழி வாங்கியிருக்க மாட்டேன். போன தடவையும் இதையேதான் ஜெபம் பண்ணீங்க. நானும் ஆமென் சொன்னேன். ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, இவன் கேட்டுக்கிட்டான். ரெண்டு பல்லு ஆடுது. ஆமென்னா அப்படியே ஆகட்டும்னுதானே அர்த்தம்? அதை இன்னொரு தடவை என் வாயால சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளை சிரித்தார். இதெல்லாம் பொம்பளைப் பேச்சு என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "சரி, சரி, அத்தை. அப்புறம் பேசிக்கலாம், பசிக்குது" என்று குழம்புச் சட்டிக்குக் கையை நீட்டினார்.

அத்தை டமாலென்று மூடியைப் போட்டார். மாப்பிள்ளை விரலை இழுத்துக்கொண்டது மயிரிழையில். "ஜெபம் முடியலை. எல்லாரும் ஆமென் சொல்லாம இந்த வீட்ல யாரும் தட்டுல கை வைக்கக் கூடாது. உங்க மாமனார் போட்ட சட்டம். வேணும்னா அவரையே கேளுங்க."

மாமா தலையைத் தூக்கவில்லை. பெற்ற பிள்ளையை அடித்துக் காப்பாற்றிய சட்டம் ஆயிற்றே, மாப்பிள்ளைக்காக எப்படி மாற்றுவார்?

அப்படியே உட்கார்ந்திருந்தோம். சோற்றில் ஆவி நின்றுபோயிற்று. பொரியல் வாடியது. ஒரு ஈ வந்து போதகரின் வெறும் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. அத்தையின் கையால் சமைத்தது ஆறுகிறது, அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னால்தான் தாங்க முடியவில்லை.

"அம்மா, சோறு ஆறுதும்மா" என்றாள் நாத்தனார், பயந்துபோய்.

"ஆறட்டும்" என்றார் அத்தை.

மாப்பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "ஏய், வர்றியா, இல்லையா? கடைசியாக் கேக்கிறேன்." அது பாட்டுக் குரல் இல்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. போதகர் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்கிறார் போல, முகத்தில் ஈயாடவில்லை. மாமாவும் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், மாப்பிள்ளையை அல்ல, மகளை. அவள் தோள் இரண்டும் தானாகவே காதுவரை ஏறியிருந்தன.

அந்த நிலையிலேயே அவள் சொன்னாள்: "நானும் ஆமென் சொல்லலை."

யாரும் கவனித்திருக்கவில்லை. அவள் வாயைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"அம்மா மட்டும் இல்லை. நானும் சொல்லலை. நான் வரலை" என்றாள்.

மாப்பிள்ளை கதவோரம் இருந்த பையை ஓர் உதை விட்டுவிட்டுப் போனார். போதகர் எழுந்து, பையை நிமிர்த்தி வைத்தார். அதற்காக அவருக்கு ஒரு நன்றி. "நான் ஜெபிச்சுக்கிறேன்மா" என்றார் வாசலில் நின்று.

"ஜெபிங்கய்யா. என்ன கேக்கிறோம்னு மட்டும் பாத்துக் கேளுங்க" என்றார் அத்தை. போதகர் பசியோடு போனார். உண்மை, அவர் பட்டினிதான். உட்காருங்கள் என்று அத்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமா முன்னறைக்குப் போய், ஜன்னலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அத்தை அவரைக் கூப்பிடவில்லை. குழம்பை அடுப்பில் ஏற்றினார், சோற்றில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தார். நாத்தனாருக்குக் கறியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டார். மறுபடியும் ஆவி பறந்தது. மாமாவின் தட்டையும் அதன் இடத்திலேயே வைத்தார்.

இப்போது ஒரு சிக்கல். யார் ஜெபம் பண்ணுவது? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் தண்ணீர்ச் செம்பை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். அத்தை முதல்முறையாக அந்த மேஜையில் எங்களோடு உட்கார்ந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, சோறு சூடா இருக்கு. எம் பொண்ணு வீட்ல இருக்கா. ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். முடிந்தது. ஆனால் முடித்து வைக்க ஆள் இல்லை. எப்போதும் முடித்து வைக்கிறவர்தான் இப்போது ஜெபம் பண்ணியவர். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அசடுகள் மாதிரி.

முன்னறையிலிருந்து, ஜன்னல் பக்கமாய்ப் பார்த்தபடியே, கரகரத்த குரலில் மாமா சொன்னார்: "ஆமென்."

அத்தை கண்ணைத் திறக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு கரண்டியை எடுத்து மாமாவின் தட்டில் சோறு போட்டார்.

"பாப்பா, அப்பாவை வரச் சொல்லு" என்றார் மகளிடம். "சோறு ஆறுது."