பெயர் வரவேண்டிய திரை

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவனை உலகம் கிண்டல் செய்யும். நம்மாளுக்கோ அதற்குத்தான் சம்பளம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் இணையப் பக்கம் கட்டும் வேலை. இங்கே ஓர் எழுத்து மாறினால் அங்கே திரை தானாக மாறவேண்டும். ஆபீசில் அவர் பெயரே 'முடிச்சு'.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் அடுத்தவர் பெயரைக் காட்ட ஒரு திரை வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என் வீட்டுக்காரரே செய்வார் சார்" என்றுவிட்டாள்.

"செய்யட்டும்மா. ஒரு புகார் வந்தாலும் அப்புறம் ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஸ்க்ரீன் பாருங்க" என்றார் டாக்டர்.

அவள் கணினியில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் நோயாளியின் பெயர், மற்றதில் டாக்டருக்கு மட்டும் ரகசியக் குறிப்பு. குறிப்பு காலியாக இருந்தால் 'பதிவு' பொத்தான் அமுங்காது. அதையும் முடிச்சு கட்டிவிட்டார். ஆனால் கூடத்துத் திரையைப் பெயரோடு கட்டாமல் குறிப்போடு கட்டிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். இவர் யானைகூட இல்லை.

முதல் நாள் தன் பெருமையைத் தானே பார்க்க, பல்வலி என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் ஒரு மீசைக்காரர். இருவரும் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மனைவியின் தலைக்கு மேலே, அவள் கண்ணில் படாத திரையில், எழுத்தெழுத்தாக ஏறியது: 'வாயைத் திறந்தா மூடமாட்டார். சீக்கிரம் ஊசி போடவும்.'

மீசை துடித்தது. "டாக்டர் வெளிய வரட்டும், நாலு வார்த்தை கேக்கறேன்!"

"இப்ப வந்துடுவார் சார்" என்றாள் அவள், ஒன்றும் தெரியாமல்.

முடிச்சு பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த திரையின் சுவிட்சில் விரலை வைத்தார். அதற்குள் அடுத்த குறிப்பு ஏறியது: 'இவர் என் வீட்டுக்காரர். பல்வலி பொய். தொல்லை தாங்கலை. ஆனா'

டெலிபோன் அடித்தது. அவள் எடுத்துப் பேசினாள். 'ஆனா' அப்படியே நின்றது.

அணைத்தால் மனைவியின் வேலை பிழைக்கும். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று அவர் கேட்டதே இல்லை. விரல் அமுக்க மறுத்தது.

"இருங்க தம்பி, அணைச்சிடாதீங்க" என்றார் மீசைக்காரரே.

போனை வைத்தாள். 'ஆனா ரொம்ப நல்ல மனுஷன்' என்று ஏறியது. கூடமே கைதட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரை இன்னும் நகர்ந்தது: 'னு அவரே சொல்லிக்குவார்.'

மீசைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிச்சு சுவிட்சை அமுக்கினார். சத்தம் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஏதாவது புகாரா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் மீசைக்காரர். "முதல்ல இவரைப் பாருங்க. பாவம், இப்பதான் நிஜமாவே வலிக்குது."