புதுப் பாட்டில் புல்லாங்குழல் இல்லை

இப்போது வருகிற பாட்டுகளைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரீல்ஸில் ஆட அரை நிமிடத் துண்டு கிடைத்தால் போதும், மீதியை எவன் கேட்கப் போகிறான் என்ற நினைப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாடுகிறவர் வாயில் என்ன வார்த்தை வருகிறது என்றே தெரியவில்லையே! 'ச'வா 'த'வா என்று புரியாமல் எல்லாம் கொழகொழவென்று வந்து விழுகிறது. பின்னால் டமடமவென்று தாளம். புல்லாங்குழல், வயலின் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தன?

மற்றவர்களுக்கு இது வெறும் அரட்டை. எனக்குப் பாட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. கிரிக்கெட் புரியாது, குடி இல்லை, கோயிலுக்குப் போவதும் வீட்டில் இழுத்துக்கொண்டு போனால்தான். வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ். இத்தனை வருடம் அந்த பஸ்ஸையும், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலையையும் தாங்கியது பாட்டால்தான். என் இசையமைப்பாளரின் எந்தப் பாட்டாக இருந்தாலும் தொடங்கிய இரண்டாவது விநாடியில் சொல்லிவிடுவேன். டிரைவர் புதுப் பாட்டு போட்டால் மொத்த பஸ்ஸும் திரும்பி என் முகத்தைப் பார்க்கும், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒருவர் பெரியபாளையத்தில் ஏறுவார். அவரோடு சண்டை போடுவதற்காகவே பக்கத்து சீட்டைப் பிடித்து வைப்பேன். இந்தக் காலத்துப் பாட்டும் நல்ல பாட்டுதான் என்பது அவர் கட்சி. என் இசையமைப்பாளர் ரொம்ப நாள் கழித்து ஒரு பாட்டு வெளியிட்டார். மறுநாள் காலை ஸ்டோர்ஸ்காரர் ஏறியதும் ஆரம்பித்தார்.

"இன்னாபா, உன் ஆளு பாட்டு உட்டுக்கிறாரே, கேட்டியா?"

"கேட்டேன். அவரும் கெட்டுப் போய்ட்டாரு. ஒரு புல்லாங்குழல் உண்டா அதுல?"

"இன்னா பேசற நீ? பாட்டு பூரா புல்லாங்குழல்தான் கூடவே வந்துக்கினு கீது."

கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவர் தன் இயர்போனை என் காதில் மாட்டி, "இதோ, இப்ப... இப்ப பாரு" என்று விரலை ஆட்டினார். ஒரு மண்ணும் இல்லை. என்னைக் கோமாளி ஆக்குகிறாரே என்று ஆத்திரம் வந்துவிட்டது. பிடுங்கி அவர் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நின்ற பேச்சு அப்படியே நின்றது. கோபம் அடங்காமல் யூடியூபில் அந்தப் பாட்டுக்குக் கீழே, 'மிக்ஸிங் செய்தவருக்குக் காது கேட்குமா?' என்று வேறு எழுதினேன். அதற்கு லைக்கும் போட்டார்கள்.

சில நாள் கழித்துக் கம்பெனியில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. கேன்டீன் பக்கம் ஒரு வேன் நின்றது. உள்ளே கண்ணாடி போட்ட சின்ன அறை. பரிசோதனை செய்யும் பெண், ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். ஆரம்பத்தில் அழுத்தினேன். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எதையோ திருகுவதும் எழுதுவதுமாக இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, நிறுத்திட்டியா?"

"முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

தாளில் ஒரு கோடு. பாதி தூரம் ஒழுங்காகப் போய், அதற்கப்புறம் கீழே சரிந்திருந்தது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தானாம்; அவை என் காதுக்கு எட்டவில்லையாம். "ஷாப்ல இயர் பிளக் போடறீங்களா?" என்று கேட்டார்.

கம்பெனி தருகிற மஞ்சள் பஞ்சு பிளக் என் சட்டைப் பையிலேயே இருக்கும். காதில் இருந்தது இயர்போன். ஒயரைக் காலருக்குள் விட்டுத் தொப்பியால் மறைத்துவிட்டால் சூப்பர்வைசருக்குத் தெரியாது. பிரஸ் அடிக்கிற அடிக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை முழுசாக வைக்க வேண்டும். வைத்தேன். வருடக்கணக்கில் வைத்தேன். இரைச்சல் காதுக்குள் வராமல் பாட்டு தடுக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் கம்பெனி டாக்டர். அவரை அறையலாம் போல இருந்தது. என்னைத்தான் அறைந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் பஸ்ஸில் டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார். முதல் இடையிசையில் புல்லாங்குழல் தெளிவாக வந்தது. எனக்கு உயிரே திரும்பி வந்தது. வேனில் இருந்த மெஷின்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போது டிரைவருக்குப் போன் வந்து, பாட்டைச் சட்டென்று நிறுத்தினார். பஸ் அமைதியானது. புல்லாங்குழல் நிற்கவில்லை. மிச்ச இடையிசையையும் வாசித்து, பல்லவியில் கொண்டுபோய் விட்டுத்தான் ஓய்ந்தது.

அப்படியானால் பழைய பாட்டில் நான் கேட்பதெல்லாம் ஞாபகம். புதுப் பாட்டுக்கு ஞாபகம் கிடையாது. அதனால் அது மோசமான பாட்டு. ஊரில் இருக்கிற இசையமைப்பாளர்களை எல்லாம் எத்தனை வருடமாக இதை வைத்துத் திட்டியிருக்கிறேன்!

ஸ்டோர்ஸ்காரர் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தார். வெட்கத்தை விட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

"அந்தப் புதுப் பாட்டுல புல்லாங்குழல் வருதுன்னியே, அத்தக் கொஞ்சம் வாயால பாடிக் காட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு "தன்னானா..." என்று தொடங்கினார். மேலே ஏறும்போது குரல் உடைந்தது. இன்னொரு முறை தொடங்கி, பாதியில் நிறுத்தித் தலையை ஆட்டினார்.

"வாயால வராதுபா அது. கேக்கணும்."