தறியில் கட்டிய தூளி

இன்று காலை எடப்பாடியில் நூல் வாங்க வரிசையில் நின்றேன். வெள்ளைக்காரன் யுத்தம் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் வரிசைதான்.

எனக்கு முன்னால் எங்கள் தெரு மாரிமுத்து அண்ணன். மனைவி பிரசவத்தில் போனபின் கைக்குழந்தையைத் தனியாக வளர்த்தவர். தூளிக் கயிற்றைத் தறியின் மிதிகட்டையில் கட்டியிருப்பார். அவர் நெய்ய நெய்யத் தூளி ஆடும், பாப்பா தூங்கும்.

"ஆம்பளை வளர்த்துப் பொட்டப்புள்ள உருப்படுமா? உங்க அக்காகிட்டக் குடுத்துருங்க" என்று தெருவே சொன்னது. எல்லோரையும்விட உரக்கச் சொன்னவள் நான். ஆடி மாதம் பாப்பாவைப் பள்ளிபாளையத்தில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தார்.

"ஏனுங்கண்ணா, பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"போயிருச்சுங்க."

வரிசை ஓரடி நகர்ந்ததும் அவரே சொன்னார். "அங்க நூல் கிடைக்காம தறி நின்னு கெடக்குதுங்க. தறிச் சத்தமில்லாம பாப்பா தூங்கவே இல்லைங்களாம். அழுகை அடங்கட்டும்னு அக்கா துளி அபின் குடுத்துருச்சுங்க. தூங்கின பாப்பா எந்திரிக்கவே இல்லைங்க. அக்காவைச் சொல்லியும் குத்தமில்லைங்க, அதுக்கே ஆறு குழந்தைங்க."

எனக்குப் பின்னால் நின்றவள் என் காதில், "ஆம்பளை வளர்த்த புள்ள, அதான் தங்கலை" என்றாள்.

பிள்ளை வளர்க்க ஆண் சரியா, பெண் சரியா? நீங்கள் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொன்னது போதும்.