கெட்டியாகக் கரைத்தால் கேட்குமா?

ஜவ்வாது மலையில் பஸ் நிற்கிற இடத்தில் என் கூழ்க்கடை. கூழ் கொஞ்சம் இளகினால் போதும். "இன்னா மாமா, ஓடைத் தண்ணிய மொண்டு ஊத்திட்டியா?" என்பார்கள். எங்கள் பக்கம் கெட்டியாக ஊற்றுவதுதான் மரியாதை.

போன வாரம் காலையில் செல்வி வந்தாள். பக்கத்து ஊர். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் எப்போது வரும்? வரும்போது வரும்.

குழந்தை அழுதது. கண்ணீர் வரவில்லை. கண் குழிந்திருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதே பஸ்ஸுக்கு நின்ற நர்சம்மா, குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது.

"வெளிய போறதுல ரத்தம் இருக்குதா?"

"இல்லீங்க. தண்ணியாத்தான் போவுது."

"உடம்புல தண்ணி வத்திப்போச்சும்மா. இன்னா குடுத்த?"

"ஓஆர்எஸ் பவுடருங்க. குடிச்சா வாந்தி எடுக்குது."

"எவ்ளோ தண்ணில கலக்கின?"

செல்வி கையிலிருந்த டம்ளரைக் காட்டினாள். "இதுல ஒரு பாக்கெட் முழுசா. கெட்டியா குடுத்தாதானே சீக்கிரம் கேக்கும்?"

நர்சம்மா திட்டவில்லை. "இது கூழ் இல்லம்மா. இவ்ளோ கெட்டியா போனா உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியும் இறங்கிடும். போக்கு ஜாஸ்தியாவும். இந்தப் பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி."

செல்வி டம்ளரில் இருந்ததைக் கீழே கொட்டினாள். கடையில் லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தேன். கழுவிய சொம்பில் முழுசாக ஊற்றி, செல்வி வைத்திருந்த புதுப் பாக்கெட்டைக் கரைத்தோம். ஸ்பூன் ஸ்பூனாகச் செல்வி ஊட்டினாள். ஒரு தரம் வாந்தி. பத்து நிமிஷம் விட்டு மறுபடியும்... இன்னும் மெதுவாக.

"தாய்ப்பாலு குடுக்கிறியா?"

"நிறுத்திட்டேங்க. வயித்துக்கு ஆவாதுன்னாங்க."

"குடு. நிறுத்தவே கூடாது."

கூழ் குடிக்க வந்த ஒருவர் சொம்பை எட்டிப் பார்த்தார். "இன்னா மாமா, கொயந்தைக்கும் தண்ணியாவே ஊத்துறியா?"

யாரும் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்ததும் அவரும் நகர்ந்து செல்விக்கு நிழல் விட்டார்.

வெயில் ஏறியது. குழந்தை மறுபடி அழுதது — கன்னத்தில் ஈரம். கொஞ்ச நேரத்தில் செல்வியின் புடவையும் நனைந்தது. "மூத்திரம் வுட்டுடுச்சு!" என்று கத்தினாள். புடவை நனைந்ததற்கு யாராவது அப்படிச் சந்தோஷப்படுவார்களா?

பஸ் வந்தது. "தேறிடுச்சுன்னு வூட்டுக்குப் போய்டாத. டாக்டர் பாக்கணும், ஜிங்க் மாத்திரை வாங்கணும்" என்று நர்சம்மா கையோடு ஏற்றிக்கொண்டார். சொம்பில் மீதியிருந்த கரைசலை அந்தப் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுத்தேன்.

இத்தனை வருஷக் கடையில், தண்ணியாகக் கரைத்ததற்கு நான் திட்டு வாங்காதது அன்றைக்குத்தான்.