மைக்கில் வாசித்த சம்பளம்

குணவதியை அறியாதவர்கள் அவரைச் சண்டைக்காரி என்பார்கள். நன்றாக அறிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே. கப்பல் கம்பெனி ஒன்றில் பல வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு புக்கிட் பாஞ்சாங்கில். வெள்ளிக்கிழமையானால் பூ வாங்கத் தேக்கா சந்தைக்கு வந்துவிடுவார்.

வருடத்தில் ஒரு நாள் அவருடைய குரலுக்கு ராஜமரியாதை உண்டு. அவர் போகும் கோயிலில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை மைக்கில் வாசிப்பது வழக்கம். மாலைக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, சமையல்காரருக்குக் கூலி இவ்வளவு என்று ஒன்று விடாமல் குணவதி வாசிப்பார். சனம் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டபடி தலையாட்டும்.

இப்படிப்பட்டவர் போயும் போயும் ஓர் எறும்புத்தின்னியிடம் மனதைப் பறிகொடுத்தார். காட்டிலிருந்து வழிதவறி வந்த அது, அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிள்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கு யாரோ போன் செய்ய, அதன் தலைவர் சேவியரும் கால்நடை மருத்துவர் தாரணியும் வேனில் வந்து இறங்கினார்கள். தாரணி அதைத் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல் தூக்கியதைப் பார்த்து குணவதி உருகிப்போனார். அன்று முதல் அந்த அமைப்புக்கு நிதி திரட்டும் தொண்டர் ஆனார். தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கினார்.

"நான் சொல்றேன் லா, நம்பிக் குடுங்க" என்பார். குணவதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர்களும் கொடுத்தார்கள்.

வினை, அமைப்பின் ஆண்டறிக்கை வடிவத்தில் வந்தது. பளபளவென்ற தாளில் ஒரு வெள்ளியின், அதாவது ஒரு டாலரின், படம். அதில் தொண்ணூற்றெட்டுக் காசு நேராக விலங்குகளுக்கே போகிறது என்று எழுதியிருந்தது. ஆட்டிறைச்சிக் கடை ரமீஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, அப்போ டாக்டருக்குச் சம்பளம் யாரு குடுக்குறா? வேனுக்குப் பெட்ரோல்? என் கடையிலயே ரெண்டு காசுல ஒண்ணும் ஓடாது லா."

குணவதி அதை வாங்கி மறுபடி படித்தார். கணக்கென்றால் மூக்கில் வியர்த்துவிடும் தனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? எறும்புத்தின்னிப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"விளக்கம் வரட்டும், அப்புறம் பாப்போம்" என்றார் ரமீஸ். பக்கத்துக் கடைகளிலும் அதே பதில். தேக்கா கைவிட்டால் பாசிர் ரிஸ் பக்கத்தில் இருந்த அமைப்பின் விலங்குக் காப்பகத்துக்கு வாடகை கட்ட வழியில்லை. அதைவிட, தன் பேரைச் சொல்லி வாங்கிய பணம். இனி எந்த முகத்தோடு இந்தச் சந்தைக்குள் நடப்பது?

மறுநாளே சேவியரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஆடிட் எல்லாம் முடிஞ்சிடுச்சு அக்கா" என்று அவர் மழுப்பிப் பார்த்தார். குணவதி அசையவில்லை. கடைசியில் சேவியர் கணினியைத் திறந்து காட்டினார். தாரணியின் சம்பளம் 'விலங்கு மருத்துவம்' என்ற தலைப்பில் இருந்தது. அலுவலக வாடகை 'விழிப்புணர்வு' ஆகியிருந்தது. ஒரு காசுகூடக் களவு போகவில்லை. எல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றன.

"திருடியிருந்தா போலீசுக்குப் போயிருப்பேன். உங்கள என்ன பண்றது?"

"சம்பளம்னு போட்டா யாரும் குடுக்க மாட்டாங்க அக்கா. எல்லாம் மிருகத்துக்கே போகணும்னு நினைக்கிறாங்க."

"கோயில்ல சமையல்காரர் கூலிய மைக்ல வாசிக்கிறோம். அதுக்காக யாராவது பொங்கல் வேணாம்னு எழுந்து போனாங்களா?"

அறிக்கையைத் திருத்த வேண்டும், திருத்தியதைக் கொடுத்தவர்கள் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று குணவதி பிடித்த பிடியில் நின்றார். நிர்வாகக் குழு முணுமுணுத்தது, பிறகு பணிந்தது.

கடைக்காரர்கள் பலருக்கு ஓய்வு நாளான ஒரு திங்கட்கிழமை, சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூட்டம் கூடியது. மைக் கோயிலில் இரவல் வாங்கியது. சேவியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குணவதி மைக்கைக் கையில் எடுத்தார்.

"வெள்ளிக்குத் தொண்ணூற்றெட்டுக் காசு என்று போட்டது தவறு. பாதிக்கு மேல் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகிறது" என்று தொடங்கினார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு தலைப்பு தலைப்பாகப் படித்துவந்தார். "மருத்துவர் தாரணி, மாதச் சம்பளம் மூவாயிரத்து முந்நூறு வெள்ளி."

ரமீஸ் எழுந்தார்.

"அக்கா, சரியாத்தான் வாசிக்கிறீங்களா?"

"சரியாத்தான் வாசிக்கிறேன்."

"என் கடையில கறி வெட்டுறவருக்கே கிட்டத்தட்ட இவ்வளவு குடுக்குறேன். டாக்டருக்குப் படிச்ச பொண்ணுக்கு இதுதானா?"

பூக்கடை முத்தாயி அவரை முந்திக்கொண்டார். "நேரங்காலம் பாக்காம காட்டுல அலையுற புள்ள லா! இத மறைச்சுவேற வச்சிருந்தீங்களா? உங்களுக்கே வெக்கமா இல்ல, சேவியர்?"

கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்குச் செலவழித்ததற்காக அடி விழும் என்று வந்த சேவியர், குறைவாகச் செலவழித்ததற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். கடைசி வரிசையில் தாரணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எத்தனையோ வருடம் மைக் பிடித்த குணவதி, அன்றுதான் முதல்முறையாக ஒரு வரியில் திக்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பூ வாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தபோது, ஆட்டிறைச்சிக் கடையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, எங்க போறீங்க? ரசீதுப் புத்தகத்த எடுங்க. டாக்டர் சம்பளத்துக்குன்னு எழுதுங்க. நல்லாப் பெரிசா எழுதுங்க!"